காற்றுப் படுத்தும் பாடு

ஆங்கிலம் பயிலும் மாணவர்களைத் திணற வைப்பவை நீண்ட சொற்களே என்று பலர் எண்ணுகின்றனர். நீண்ட சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டலாம்; அது பெரும்பாலும் தன் ஒரு பொருளைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் சொல்லி முடியும் குறுஞ்சொற்களே நம்மைக் குழியில் தள்ளுவன. அவற்றுள் ஒன்று ‘எயார்’. அதன் பொருள் காற்று என்பதைப் பாலர் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆயின், ஆங்கிலேயரின் பேச்சு வழக்கில் அச்சொல் ஆடும் ஆட்டமோ ஆடிமாதக் காற்றின் ஆட்டத்தினும் பெரிது.

வட்டவளைப் பகுதித் தோட்டப் பாடசாலை மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார்: “‘இன் தி எயார்’, ‘அப் இன் தி எயார்’, ‘ஒன் தி எயார்’ ஆகிய மூன்றும் காற்றில் இருப்பதைத்தானே குறிக்கின்றன? இவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?”

நல்ல வினா. காற்றைப் பற்றிக் கேட்பதற்கு வட்டவளையாரினும் உரிமை உடையவர் யார்? நாவலப்பிட்டியிலிருந்து அட்டனை நோக்கி மலையேறும் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர் அது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் வந்து மோதி, ஆண்டுக்குச் சுமார் 5000 மில்லிமீற்றர் மழையைக் கொட்டிச் செல்லும் இடம். அவ்வூர்ப் பிள்ளைக்கு விடை சொல்லும் முகத்தால் நாம் அனைவரும் சிறிது காற்று வாங்கி வருவோம்.

முன்னே நிற்கும் சிறு சொல்

மூன்று தொடரிலும் காற்று ஒன்றே. அதன் முன்னே நிற்கும் சிறு சொல்லே பொருளை மாற்றிவிடுகிறது.

‘இன் தி எயார்’ என்றால், ஒரு செய்தி இன்னும் உறுதியாக வெளிவரவில்லை. எனினும் எல்லோரும் அதனை உணர்கின்றனர் என்பது பொருள். தேர்தல் வரப்போகிறது என்று எவரும் அறிவிக்கவில்லை. ஆனால் தேநீர்க் கடையிலும் பேச்சு, புகையிரத மேடையிலும் பேச்சு. அப்போது தேர்தல் ‘இன் தி எயார்’ என்பர். “ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது” என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

‘ஒன் தி எயார்’ என்பது வானொலியோடு வந்த வழக்கு. ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். இலங்கையில் வானொலி ஒலிபரப்பு முறைப்படி தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள். பின்னர் அது ‘ரேடியோ சிலோன்’ ஆகி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. ஒலிபரப்புக் கூடத்தின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கோடு இவ்வாசகம் ஒளிர்ந்தால், உள்ளே இருப்பவர் இருமுவதற்கும் அஞ்சுவார். ஒலிபரப்பு ஓய்ந்ததும் அதே நிலையம் ‘ஒஃப் தி எயார்’ ஆகிவிடுகிறது.

இனி, ‘அப் இன் தி எயார்’. ஒரு காரியம் முடிவாகாமல் நிற்பதை இது குறிக்கும். தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான தொடர் நம்மிடம் உண்டு: அந்தரத்தில் தொங்குதல். விண்ணுலகும் எய்தாமல் மண்ணுலகும் திரும்பாமல் இடையிலே நின்ற திரிசங்குவின் கதையும் இதுவே. ஈழத்துப் பேச்சு வழக்கில் ‘அந்தரப்படுதல்’ என்றால் பதற்றமுற்றுத் தவித்தல் என்றும் பொருள். முடிவு தெரியாமல் நிற்பவன் தவிக்கத்தானே செய்வான்?

இத்தொடரின் முழுக் கனத்தையும் அறிய மலையகத்தவர் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் நாடற்றவராய் நின்ற இந்திய வமிசாவளித் தோட்ட மக்களைக் குறித்து, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். கணக்கிடப்பட்டோர் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது. எஞ்சிய 1,50,000 பேர்? அவர்களைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதென்று இரு அரசுகளும் ஒதுக்கி வைத்தன. ஒன்றரை இலட்சம் மக்களின் எதிர்காலம் ‘அப் இன் தி எயார்’! 1974இல், ஆளுக்கு 75,000 என்று இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் வரை அந்நிலை நீடித்தது. அதன் பின்னரும் பலர் எந்நாட்டுக் குடியுரிமையுமின்றி வாழ்ந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டந்தான், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்து வந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்துவிட்டது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தான் எந்நாட்டாள் என்பதை அறியாமலே மகளாயிருந்து, தாயாகி, பாட்டியும் ஆகிவிட்ட குடும்பங்கள் உண்டு. பரீட்சைத் தாளில் இத்தொடரைக் காணும் மாணவர், பொருளை உருப்போடுவதோடு நில்லாமல் இவ்வரலாற்றையும் நினைவில் வைப்பாராக. பிறகு பொருள் மறக்கவே மறக்காது.

ஒருமையும் பன்மையும்

‘எயார்’ என்பதற்குத் தோற்றம், பாங்கு என்னும் பொருளும் உண்டு. பிரெஞ்சு மொழி வழியே வந்து சேர்ந்த பொருள் இது. ஒருவரிடம் ‘அன் எயார் ஒஃப் டிக்னிட்டி’ இருக்கிறது என்றால், அவர் முகத்தில் ஒரு கண்ணியக் களை திகழ்கிறது என்பது கருத்து. நம் ‘களை’ என்னும் சொல்லே இதற்கு நேரான சொல். முகக்களை என்கிறோம், கல்யாணக்களை என்கிறோம்.

ஒருமையில் இவ்வளவு அழகாய் நிற்கும் சொல், பன்மையில் தலைகீழாகிவிடுகிறது. ‘புட் ஒன் எயார்ஸ்’ என்றால் இல்லாத பெருமையை இருப்பதாகக் காட்டிப் பகட்டுதல். அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியிலும் குடை பிடிப்பான் என்பது நம் பழமொழி. அந்தக் குடை பிடிக்கும் குணமே ‘எயார்ஸ்’. ஆகவே மாணவர்களே, ஒருவரைப் பாராட்ட எண்ணி, “உங்களிடம் எயார்ஸ் இருக்கின்றன” என்று சொல்லிவிடாதீர்கள். இறுதியில் வரும் ஓர் எழுத்து உங்கள் நட்பையே கெடுத்துவிடும்.

இன்னும் ஒரு பொருள் உண்டு: இன்னிசை, மெட்டு. அயர்லாந்தின் புகழ்பெற்ற மெட்டொன்றுக்கு ‘லண்டன்டெரி எயார்’ என்று பெயர். லண்டன்டெரி நகரத்துக் காற்று என்று அதனை மொழிபெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும்.

வெறுங்காற்றும் மெல்லிய காற்றும்

‘ஹொட் எயார்’ என்பதற்குச் சூடான காற்று என்பது நேர்ப் பொருள். செயலாக மாறாத வெற்றுப் பேச்சு என்பது வழக்குப் பொருள். மேடையில் முழங்கிவிட்டு மறுநாளே மறந்துவிடுவோரின் வாக்குறுதிகளை இச்சொல்லால் குறிப்பர். நம்மவரோ, வாக்குறுதியைக் ‘காற்றில் பறக்கவிட்டார்’ என்பர். இரு மொழியிலும் காற்று வந்துவிட்டது. எனினும் அவர்கள் பழிப்பது பேச்சை, நாம் பழிப்பது பேச்சை மறந்த செயலை.

‘காசில்ஸ் இன் தி எயார்’ என்பது நமக்குப் புதிதன்று. ஆகாயக் கோட்டை, மனக்கோட்டை என்று நாமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையை ஸ்பெயின் நாட்டில் கட்டுவதாகச் சொல்வது வேடிக்கை. ‘வோக்கிங் ஒன் எயார்’ என்பது மகிழ்ச்சிப் பெருக்கு. “அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை” என்று நாம் சொல்வதை அவர்கள் காற்றின்மேல் நடப்பதாகச் சொல்கின்றனர்.

‘தின் எயார்’ என்பதில் மலைநாட்டார் சற்று விழிப்பாக இருத்தல் வேண்டும். ஒரு பொருள் இருந்த சுவடு தெரியாமல் மறைந்துவிட்டால், அது மெல்லிய காற்றுக்குள் மறைந்தது என்பது ஆங்கில வழக்கு. ஷேக்ஸ்பியர் தம் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் இத்தொடரை ஆண்டிருக்கிறார். நாம் மாயமாய் மறைந்தது என்போம். ஆனால் பூகோள நூலில் இத்தொடர் வந்தால் அது மரபுத்தொடரே அன்று. நேர்ப் பொருளிலேயே கொள்ளல் வேண்டும். 2524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையின் உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. அங்கு காற்று உள்ளபடியே மெல்லியதுதான். இடம் நோக்கிப் பொருள் கொள்க.

காற்றாட வைத்தல்

‘எயார்’ வினைச்சொல்லாகவும் வரும். ஈரத்துணியை விரித்துக் காற்றாட வைப்பது அதன் முதற்பொருள். மாதக்கணக்கில் மழை விடாத வட்டவளையில் துணி உலர்த்துவது எத்துணைப் பெரும்பாடு என்பதை அவ்வூர்த் தாய்மார்களிடம் கேட்டறியலாம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துக்கு முதலில் நிகழ்வதும் இதுவே. பறித்த பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதைப் பரப்பி, பல மணி நேரம் காற்றுச் செலுத்தி வாட்டுகிறார்கள். வாட்டிய கொழுந்தை உருட்டி அரைத்த பின், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டே அது செம்பு நிறம் கொள்கிறது, மணமும் பெறுகிறது. காற்றுப் படாத கொழுந்து நாம் பருகும் கறுப்புத் தேயிலை ஆவதில்லை.

இதனின்று பிறந்தது ‘எயார் எ கிரீவன்ஸ்’ என்னும் தொடர். உள்ளே மடித்து வைத்த குறையை வெளியே விரித்துக் காட்டுதல், அஃதாவது முறையிடுதல் என்பது பொருள். மடித்த ஈரத்துணி பூசணம் பிடிக்கும். சொல்லாத குறையும் அவ்வாறே.

மலையகத்தில் இதற்குச் சான்றாய் வாழ்ந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சைத் தரணியிலிருந்து வந்து, பத்திரிகை நடத்தியும் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தும், தோட்டத்துக்குள் அடங்கிக் கிடந்த குறைகளை வெளியுலகம் அறியச் செய்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அக்குறைகளைச் சபையிலும் எடுத்துரைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையோ தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். ‘எயார்’ என்பதற்கு மெட்டு என்றும் பொருள் உண்டென்று மேலே கண்டோம். அவ்வம்மையார் குறையைக் காற்றாட வைத்ததும் மெட்டிலேதான்!

குறைகளைப் பேசித் தீர்த்தபின் வருவது ‘கிளியர் தி எயார்’. இடிமழை ஓய்ந்தபின் வானம் தெளிவது போல, மனம்விட்டுப் பேசியதால் கசப்பு நீங்குதல் என்பது அதன் பொருள்.

காற்று மாற்றம்

‘சேஞ்ச் ஒஃப் எயார்’ என்பதை நம்மவர் உடல் தேற இடம் மாறுதல் என்பர். நுவரெலியா நகரம் எழுந்ததே இத்தொடரால் என்று சொன்னால் மிகையாகாது. 1819இல் ஜோன் டேவி என்னும் மருத்துவர் அவ்விடத்தைக் கண்டு எழுதினார். 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கு நோயுற்ற படைவீரருக்கான ஆரோக்கிய நிலையம் அமையச் செய்தார். காய்ச்சலால் மெலிந்து அங்கு சென்று தேறிய சாமுவேல் பேக்கர் என்பார், பின்னர் அங்கேயே குடியேறி, தம் அனுபவங்களை 1855இல் நூலாக வெளியிட்டார்.

கெட்ட காற்றே காய்ச்சலைத் தருவதென்று அக்காலத்தார் நம்பினர். ‘மலேரியா’ என்னும் பெயரே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் சொற்களின் சேர்க்கை. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ், நோய்க்கிருமி நுளம்பின் உடலுள் வளர்வதைக் கண்டறிந்த பின்னரே காற்று அப்பழியினின்று நீங்கிற்று. மலையேறியவர் தேறியதும் நற்காற்றால் அன்று. அக்குளிரில் அந்நோய்க் கிருமி செழிப்பதில்லை என்பதே காரணம். கீழ்நாடுகளில் 1934–35ஆம் ஆண்டுகளில் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, பெயரில் மட்டும் பழைய தவறு நின்றுவிட்டது.

துரைமார் காற்று மாற்றத்துக்காக மலையேறிய அதே காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலைக்கு வந்தவர்கள் நம் முன்னோர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். எஞ்சியோர் அக்குளிர்காற்றைக் கம்பளியால் மூடித் தாங்கினர். சொல் ஒன்றே, அதன் சுகம் ஒருவர்க்கு, சுமை ஒருவர்க்கு.

பின்னே நிற்கும் வினை

நிறைவாக ஒன்று. ஆங்கிலத்தில் காற்றின் முன்னே நிற்கும் சிறு சொல் பொருளை முடிவு செய்கிறதெனக் கண்டோம். தமிழிலோ பின்னே நிற்கும் வினையே அதனைச் செய்கிறது. காற்று வாங்கினான் என்றால் உலாவினான்; காற்றுப் போயிற்று என்றால் செருக்கு அடங்கிற்று; காற்றுவாக்கில் வந்தது என்றால் உறுதியற்ற செய்தி. எனவே ஆங்கிலத் தொடரைக் கற்கும்போது முன்னே பாருங்கள். தமிழாக்கும்போது பின்னே தேடுங்கள். காற்றைக் கண்டவுடன் காற்று என்று எழுதிவிடலாகாது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் நம் பழமொழிக்கு நேரான ஆங்கிலப் பழமொழியில் காற்றே இல்லை. வெயிலுள்ளபோதே வைக்கோலை உலர்த்து என்கிறது அது. நெல் தூற்றும் நமக்குக் காற்று வேண்டும். புல் உலர்த்தும் அவர்களுக்கு வெயில் வேண்டும். மொழியை ஆக்குவது அம்மக்களின் வயலே.

மாணவர்கள் இவ்வாரம் இத்தொடர்களுள் ஐந்தைத் தேர்ந்து, தத்தம் ஊர் நிகழ்ச்சியை வைத்து வாக்கியம் அமைத்துப் பார்ப்பார்களாக. அடுத்த வாரம் காற்றை விட்டு நீரில் இறங்குவோம்.