அறுவைக்குப் பின் என்ன?

சிசிலித் தீவின் கத்தானியா நகரில் இரத்தசாட்சியாக மரித்த புனித ஆகத்தம்மாளின் திருநாள் பிப்ரவரி 5. மார்பக நோயுற்ற பெண்கள் இப்புனிதையின் பாதுகாவலை நெடுங்காலமாக நாடி வருகின்றனர். அவரது திருநாள் வரும் இம்மாதத்தில் அந்நோயின் தொடக்க நிலை ஒன்றைப் பற்றி எழுதுகிறோம்.

பால் நாளங்களுக்குள் புற்றணுக்கள் தோன்றி, நாளச் சுவரைத் தாண்டாது அடங்கியிருக்கும் நிலை அது. பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. மாமோகிராம் படத்தில் சுண்ணாம்புப் பொடி போன்ற புள்ளிகளாகவே தோன்றும். மார்பகத்தைக் காத்து, நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றினால் போதும் என்று மருத்துவர் கூறும்போது குடும்பமே ஆறுதல் அடைகிறது. காயம் ஆறியபின் கதிர்வீச்சும் வேண்டும் என்றால், நோய் பரவிவிட்டதோ என்ற கலக்கம் எழுகிறது. அதன் பொருள் அதுவன்று.

1985இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வொன்றில் இந்நிலையிலிருந்த 818 பெண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு அறுவை மட்டும். மற்றவருக்குக் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டது. கதிர்வீச்சு பெற்றோரிடையே அதே மார்பகத்தில் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. திரும்பும் நோயில் ஏறத்தாழப் பாதி, நாளத்தைத் தாண்டிப் பரவக்கூடியது என்பதால் இது சிறிய நன்மையன்று. ஆயினும் இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு தென்படவில்லை. இவ்விரண்டாம் செய்தியை நோயாளிக்குச் சொல்லாது விடுதல் முறையன்று என்பது நமது எண்ணம். வயது முதிர்ந்தவர், சிறிய கட்டி, வீரியம் குறைந்த அணுக்கள், நோயற்ற வெட்டு விளிம்பு என்று அமைந்தால், மருத்துவரோடு கலந்து கதிர்வீச்சைத் தவிர்க்கவும் இடமுண்டு. இளவயதினரும் வீரிய அணுக்கள் உள்ளவரும் அதை எளிதில் மறுத்துவிடலாகாது. விளிம்பு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாயின், மீண்டும் சிறிது அகற்ற வேண்டுமா என்பது முதலில் ஆராயப்படும்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை. வீடு திரும்பிய தாய் தன் குழந்தையைத் தயக்கமின்றி அணைக்கலாம். தலைமுடியும் உதிராது.

அணுக்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடையவையாயின், தமொக்சிபென் மாத்திரையும் ஒரு வழி. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 5 ஆண்டுகள் என்பதே வழக்கம்; 5 மில்லிகிராம் வீதம் 3 ஆண்டுகள் கொடுத்தும் இத்தாலியில் நற்பயன் கண்டனர். உடற்சூடு, அரிதாக இரத்தக்கட்டு, கருப்பைப் புற்று ஆகியவை இதன் தீமைகள், கருவுற்றிருப்போர் உண்ணலாகாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அனஸ்ட்ரசோல் உண்டு. அது எலும்பைத் தேய்க்கும்.

எனவே திசு ஆய்வு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, கணவரும் உடன்செல்ல, மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த நிலையில் நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு? கதிர்வீச்சு அதை எவ்வளவு குறைக்கும்?" விடையைச் சில நாள் வீட்டில் பேசி முடிவெடுக்கலாம்; அதற்குக் காலம் இருக்கிறது. எவ்வழியைத் தெரிந்துகொண்டாலும், ஆண்டுதோறும் மாமோகிராம் எடுப்பதை மட்டும் விடலாகாது.