விருந்தினர் யார்?

அயல்நாட்டில் கற்கும் மாணாக்கர், அந்நாட்டார் விழாவின் ஆரவாரத்திடையே தனித்து நிற்றல் இயல்பு. நம் அருகிலேயே அத்தகையோர் உளர் என்பதை நாம் எண்ணுவதில்லை. ஆலைகள் மலிந்த கும்மிடிப்பூண்டியில், 1983 ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப்பின் இலங்கையினின்று அடைக்கலம் புகுந்தோரின் முகாம் ஒன்று உளது. 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு இத்தகைய இடங்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டது. அங்கு வளரும் மாணாக்கர் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர், சட்டத்தின்படியோ அயல்நாட்டார்.

எனினும் தைத்திங்கள் முதல் நாள் இரு சாரார்க்கும் ஒன்றே. பால் பொங்குகையில் நாம் 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகின்றோம். யாழ்ப்பாணத்தார் வெடியும் கொளுத்துவர். நமது மாட்டுப்பொங்கல் அவர்க்குப் பட்டிப்பொங்கல். வேற்றுமை இவ்வளவே.

அவர்களை நம் விழாவிற்கு அழைத்ததோடு கடமை தீர்ந்ததென்று நாம் மகிழ்கின்றோம். அது போதாது. என்றும் விருந்தினராகவே வைக்கப்படுபவர் என்றும் அயலாரே அன்றோ? ஆதலின் நண்பர்காள், வரும் பொங்கல் விடுமுறையில் நாம் அவர்தம் வாயிலுக்குச் செல்வோமாக. அவர் இடும் பொங்கலை உண்போமாக. பிறரை உபசரிக்க இடம் பெற்றவனே ஓர் ஊரைத் தன்னூர் என்பான்.