தேடுவதற்கும் கூலி கொடுக்க வேண்டும்!

ஹாரன் அடிக்கவில்லை. இண்டிகேட்டர் எரியவில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு வரவில்லை. ஆனால் வண்டி மட்டும் ஓடுகிறது!

"ஓடுகிறதே, அது போதாதா?" என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. விடியற்காலை இருட்டில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறவர் திடீரென்று பிரேக் போட்டால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

விளக்கு செத்த பிறகும் வண்டி ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறி பாட்டரியில் இருந்து வருவது இல்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தத்தில் இருந்து வருகிறது. உதைத்தால் போதும், கிளம்பிவிடும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு மூன்றும் அப்படி அல்ல. அவை பாட்டரியை நம்பி இருப்பவை.

மூன்றும் ஒரே நாளில் தனித்தனியாகக் கெட்டுப்போகுமா? அபூர்வம். மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்கும். பெரும்பாலும் பியூஸ் போயிருக்கும்.

நாயை மாற்றினால் திருடன் போவானா?

பியூஸ் என்பது என்ன? மெல்லிய ஒரு கம்பித் துண்டு. மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் அது உருகிவிடும். மின்சாரம் நின்றுவிடும். மற்ற ஒயர்கள் தப்பித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் கட்டிய காவல் நாய் போல என்று சொல்லலாம்.

நாய் குரைத்தால் திருடனைத் தேட வேண்டும். நாயை மாற்றினால் திருடன் போய்விடுவானா? புதுப் பியூஸ் போடுகிறார்கள். இரண்டு நாளில் அதுவும் போகிறது. மறுபடி ஒன்று போடுகிறார்கள்.

இன்னும் சிலர் பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிறார்கள். சிகரெட் பெட்டியில் உள்ள வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பவர்களும் உண்டு. இது பெரிய ஆபத்து! நாயின் வாயைக் கட்டுகிற வேலை. அடுத்த முறை பியூசுக்குப் பதில் ஒயர் உருகும். அந்த ஒயர் எங்கே போகிறது? பெட்ரோல் டாங்கின் அடியில்!

பால்காரரின் வண்டி

ஒரு பால்காரருக்கு இந்தத் தொல்லை வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையில் புது பாட்டரி போடச் சொல்கிறார்கள். போடுகிறார். நான்கு நாள் நன்றாக இருக்கிறது. ஐந்தாம் நாள் பியூஸ் போகிறது. அடுத்த கடையில் சாவி ஸ்விட்சை மாற்றுகிறார்கள். அதற்கு அடுத்த வாரம் ரெக்டிபயர். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வைத்த பணம் இப்படியே கரைந்து போகிறது.

கடைக்காரர் திருடரா? பெரும்பாலும் இல்லை. குற்றத்தில் பாதி வண்டிக்காரருடையது. பாட்டரிக்குப் பணம் கேட்டால் மறு பேச்சு இல்லாமல் கொடுக்கிறார். "ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒயரைத் தேடினேன், அதற்குக் கூலி கொடுங்கள்" என்று மெக்கானிக் கேட்டால், "என்ன மாற்றினாய்? ஒன்றும் மாற்றவில்லையே!" என்று சண்டைக்கு வருகிறார். டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பணம் கொடுக்கிறோம். மெக்கானிக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் கொடுக்க மனம் வருவதில்லை. அப்புறம் மெக்கானிக் என்ன செய்வார்? தேடுவதை விட்டுவிட்டுப் பொருளை விற்கிறார்.

ஒரு பல்பு போதும்

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டியது இல்லை. 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று. அதில் இரண்டு ஒயர் துண்டு. அவ்வளவுதான்.

போன பியூசைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைக்கும் நடுவே இந்தப் பல்பை மாட்ட வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். எங்கேயாவது ஒயரின் தோல் உரிந்து வண்டியின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால், பல்பு பளிச்சென்று எரியும். பல்பின் வழியாக 2 ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் பாய முடியும். ஆகவே ஒயர் உருகாது. பியூசுகளும் வீணாகாது. பல்பு எரிகிற வரையில் திருடன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்!

பல்பு எரியவில்லையா? ஹேண்டில் பாரை இடது பக்கம் திருப்ப வேண்டும். பிறகு வலது பக்கம். பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் மட்டும் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிகிறதா? பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரில்தான் கோளாறு. ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் எரிகிறதா? வண்டியின் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஹேண்டில் திரும்புகிறது! அத்தனை முறையும் அங்கே ஒயர்கள் வளைகின்றன, உரசுகின்றன. பின் மட்கார்டின் அடியிலும் இப்படித்தான். சேறு, தண்ணீர், கல் எல்லாம் அங்கே வந்து அடிக்கின்றன.

இடம் தெரியவில்லை என்றால், ஒயர்கள் சேரும் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் பழுது. பால்காரரின் வண்டியில் கடைசியில் கிடைப்பது என்ன? அரை அங்குலம் தோல் உரிந்த ஒரு ஒயர்!

திரும்பி வரும் பாதை

பியூஸ் நன்றாக இருந்தும் விளக்கு எரியாமல் இருப்பது உண்டு. மின்சாரம் போனால் மட்டும் போதாது. திரும்பியும் வர வேண்டும். மோட்டார் சைக்கிளில் அது பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகத் திரும்புகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் எர்த் என்கிறார்கள். எர்த் ஒயரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டில் துரு ஏறினால் விளக்கு மங்கும். வலது இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு சேர்ந்து மினுக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் சரியாகிவிடும். இதற்குப் புது பாட்டரி எதற்கு?

ஒயரின் நிறத்தைப் பார்த்து அவசரப்படவும் கூடாது. ஹோண்டா முறையில் பச்சை ஒயர் எர்த். கறுப்பு ஒயர், சாவி திருப்பியதும் மின்சாரம் கொண்டு வருவது. யமஹாவில் கறுப்புதான் எர்த்! ஒரு வண்டியில் பழகிய கை, இன்னொரு வண்டியில் பச்சையா கறுப்பா என்று பல்பை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. அதன் பிறகு, சிறிய வண்டிகள் பலவற்றில் பெட்ரோலைக் கணக்குப் பார்த்துத் தெளிப்பதே மின்சாரத்தின் வேலை ஆகிவிட்டது. அத்தகைய வண்டியில் பெரிய பியூஸ் போனால் எஞ்சினும் நின்றுவிடும். "ஓடுகிறதே" என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. எஞ்சினில் கோளாறு என்றால் காட்ட ஒரு விளக்கும் முன்னால் இருக்கிறது. ஆனால் மட்கார்டின் அடியில் உரசிப்போன ஒயரை அந்த விளக்கு காட்டாது. அதற்கு இன்னும் ஒரு ஆள் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டியை விடும்போதே "முதலில் கோளாறு எங்கே என்று காட்டுங்கள், தேடியதற்கு என்ன கூலி?" என்று கேட்டுவிடுவது நல்லது.