இலவசம் என்று சொல்லி வாங்கிய சலுகை

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று முணுமுணுக்காமல் படியுங்கள்.

டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தான். அமெரிக்கக் கால்பந்தின் டிவி உரிமைக்குக் கோடி கோடியாகக் கொட்டுவது சுத்தமான சந்தைப் போட்டியாம். காசு கொடுக்க முடிந்தவர் பார்க்கட்டும், முடியாதவர் விட்டுவிடட்டும், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று முடித்திருந்தான். என்னிடம் படித்த பிள்ளைகளே ஏழெட்டுப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தீர்கள். சரித்திரம் தெரியாமல் போட்ட லைக் அது. என்.எஃப்.எல். என்கிற லீக் சந்தையில் தானாக விளைந்த பயிர் இல்லை. சட்டம் போட்டு, வேலி கட்டிக்கொடுத்து, ஊரார் தண்ணீர் விட்டு வளர்த்த தோட்டம். இப்போது அந்த ஊராரிடமே நுழைவுச்சீட்டு கேட்கிறார்கள்.

(கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று ஏன் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். பெயர் வைத்தவர்களைக் கேளுங்கள்.)

1939 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் எபட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் புரூக்ளின் அணியும் ஃபிலடெல்ஃபியா அணியும் ஆடியதை என்.பி.சி. ஒளிபரப்பியது. டிவியில் வந்த முதல் தொழில்முறை ஆட்டம் அதுதான். அப்போது அதைக் காசாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பயம்தான் முதலில் வந்தது. 1950-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி தன் உள்ளூர் ஆட்டங்களையெல்லாம் டிவியில் காட்டியது. மைதானத்துக்கு வந்த கூட்டம் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. உடனே லீக் ஒரு விதி போட்டது: எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர் டிவியில் அது வராது. 1953-ல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் சொந்த ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க, கனெக்டிகட் பக்கம் காரில் போய் விடுதியில் அறை எடுத்தார்கள். தன் ஊர் ஆட்டத்தைப் பார்க்க வெளியூர் போன கதை!

இனிமேல்தான் முக்கியமான இடம். 1960-ல் பீட் ரோசல் என்ற 33 வயதுக்காரர் லீக்கின் ஆணையரானார். அதுவரை ஒவ்வொரு அணியும் தன் ஒளிபரப்பைத் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தது. பெரிய ஊர் அணிக்கு அதிகம், சின்ன ஊர் அணிக்குச் சில்லறை. ரோசல் என்ன செய்தார்? எல்லோரும் சேர்ந்து ஒரே கட்டாக விற்போம், வருகிற பணத்தைச் சமமாகப் பிரிப்போம் என்றார். நியூயார்க், சிகாகோ உரிமையாளர்களும் சம்மதித்தார்கள். இந்த இடத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு லட்சம் பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ள கிரீன் பே என்ற ஊர் இன்றும் நியூயார்க்கோடு சரிக்குச் சமமாக மோதுகிறது என்றால் அந்தச் சமபங்கீடுதான் காரணம்.

ஆனால் போட்டியாளர்கள் எல்லோரும் கூடி ஒரே விலைக்கு விற்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் என்ன பெயர்? கூட்டுச்சதி. 1961-ல் சி.பி.எஸ். நிறுவனத்தோடு ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலருக்குச் செய்த ஒப்பந்தத்தை, 1953-ல் லீக்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அதே நீதிபதி ஆலன் கிரிம் செல்லாது என்றார். ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு அது விரோதம். ரோசல் நேராக வாஷிங்டனுக்குப் போனார். சில வாரங்களில் நாடாளுமன்றம் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பர் 30-ல் கென்னடி கையெழுத்திட்டார். மற்ற தொழில்காரன் செய்தால் குற்றம், இவர்கள் செய்தால் குற்றமில்லை என்பதுதான் அதன் சாரம். சுத்தமான சந்தையாம்!

அந்தச் சலுகை எதற்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். விளம்பரதாரர் பணத்தில் நடக்கிற, மக்கள் ஆன்டெனா வைத்து இலவசமாகப் பார்க்கிற ஒளிபரப்புக்கு. இது கட்டண டிவிக்குப் பொருந்தாது என்று புரிந்துகொண்டீர்களா என்று விசாரணையில் ரோசலிடம் நேராகவே கேட்டார்கள். சந்தேகமே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பின்னாளில், 1999-ல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் அதையே சொன்னது: செயற்கைக்கோள் கட்டணச் சேவைக்கு இந்த விலக்கு கிடையாது.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு. 1961-ல் 14 அணிகள். 46.5 லட்சத்தை வகுத்தால் ஓர் அணிக்குச் சுமார் 3.3 லட்சம் டாலர். 2021-ல் போட்ட ஒப்பந்தங்கள் 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டாலர். ஆண்டுக்கு 1,000 கோடி. 32 அணிகளுக்கு வகுத்தால் அணிக்கு 31 கோடிக்கு மேல். தொள்ளாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. இந்தக் காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி ஏறியது பத்து மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பவுலை இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் காட்டின; அப்படியும் டேப்பைப் பத்திரமாக வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1970-ல் ஏ.பி.சி.யில் திங்கள் இரவு ஆட்டம் வந்தது. 1973-ல் மக்கள் கோபம் தாங்காமல், 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் விற்றுத் தீர்ந்தால் உள்ளூரிலும் காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. கவனியுங்கள், லீக் தானாக இறங்கி வரவில்லை, சட்டம்தான் இறக்கியது. 1987-ல் ஆட்டம் கேபிளுக்குள் நுழைந்தது. 1993 கடைசியில் மர்டாக்கின் ஃபாக்ஸ் நான்கு ஆண்டுக்கு 158 கோடி டாலர் கொடுத்து, பல பத்தாண்டுகளாகக் காட்டிவந்த சி.பி.எஸ்.ஸிடமிருந்து பறித்தது. ஆட்டம் போனதும் உள்ளூர் நிலையங்கள் பல சி.பி.எஸ்.ஸைக் கைவிட்டன. 1998-ல் மூச்சுப் பிடித்துப் பெரும் தொகை கொடுத்துத்தான் அது திரும்ப உள்ளே வந்தது.

1994-ல் வந்தது சண்டே டிக்கெட். பிழைப்புக்காக ஊர் மாறிப் போனவன் தன் பழைய ஊர் அணியின் ஞாயிறு ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் மொத்தக் கட்டையும் வாங்க வேண்டும். ஒரே அணியின் ஆட்டம் போதும் என்றால் கிடையாது. 2023-ல் அது யூடியூபுக்குப் போனபோது தனியாக வாங்க அறிவித்த விலை ஒரு பருவத்துக்கு 449 டாலர். இதையெல்லாம் 70 டாலருக்கே விற்கலாம், அணி வாரியாகவும் பிரித்து விற்கலாம் என்று இ.எஸ்.பி.என். ஒரு கட்டத்தில் யோசனை சொன்ன ஆவணம் வழக்கில் வெளிவந்தது. லீக் அதை ஏற்கவில்லை. விலை குறைந்தால் கூட்டம் அங்கே போய்விடும், ஃபாக்ஸும் சி.பி.எஸ்.ஸும் கொடுக்கிற தொகை அடிவாங்கும் அல்லவா? 2024 ஜூனில் நடுவர் குழு சந்தாதாரர்கள் பக்கம் நின்று 470 கோடி டாலர் இழப்பீடு என்றது. ஆகஸ்டில் நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது.

2022 முதல் வியாழன் ஆட்டங்கள் அமேசானில். 2024 ஜனவரியில் கான்சாஸ் சிட்டியின் பிளேஆஃப் ஆட்டம் பீகாக் என்ற கட்டணச் சேவையில் மட்டும். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் நெட்ஃபிளிக்ஸில். ஒருவன் எல்லாவற்றையும் பார்க்க எத்தனை சந்தா கட்டுவான், சொல்லுங்கள்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா மகன் விடமாட்டான். பெரும்பாலான ஆட்டங்கள் இன்னும் இலவசமாகத்தான் வருகின்றன. கட்டணச் சேவைக்குப் போனாலும் ஆடுகிற இரண்டு அணிகளின் சொந்த ஊரில் சாதாரண டிவியிலும் வருகிறது. உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். இலவசத்திலிருந்து கட்டணத்துக்கு நகர்ந்த ஆட்டங்களை நான் வரிசையாகச் சொன்னேன். திரும்பி வந்தவற்றை அவன் சொல்லட்டும். கான்சாஸ் சிட்டிக்குள் இருப்பவன் பார்ப்பான். அங்கிருந்து வேலைக்காக வேறு மாநிலம் போனவன் ரசிகன் இல்லையா?

முதலாளிகள் தங்கள் பணத்தைப் போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பஃபலோ அணியின் புதிய மைதானத்துக்கு நியூயார்க் மாநிலமும் ஈரி கவுண்டியும் சேர்ந்து கொடுக்க ஒப்புக்கொண்டது 85 கோடி டாலர். மைதானத்துக்கு வரிப்பணம், கூட்டு விற்பனைக்குச் சட்ட விலக்கு, பார்ப்பதற்குச் சந்தா. இந்த மூன்றில் எது சுதந்திரச் சந்தை?

நம் ஊரில் ஐ.பி.எல். உரிமை 2022-ல் 48,390 கோடி ரூபாய்க்குப் போனபோது, ஓர் ஆட்டத்தின் மதிப்பில் என்.எஃப்.எல்.லுக்கு அடுத்த இடம் என்று நாமும் மார்தட்டிக்கொண்டோம். அந்த வரிசையில் இரண்டாமிடம் பிடித்ததற்கு மகிழ்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

பங்கீட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. கிரீன் பே வாழட்டும். நான் சொல்வது ஒன்றுதான்: 1961-ல் எந்த நிபந்தனையின் பேரில் விலக்குக் கொடுக்கப்பட்டதோ, அதை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே பளிச்சென்று எழுதட்டும். இலவசமாகக் காட்டுகிற ஆட்டத்தைக் கூடி விற்றுக்கொள்ளலாம். கட்டணத்துக்குக் காட்டுகிற ஆட்டத்தை ஒவ்வொரு அணியும் தனியாக விற்கட்டும். அப்போது கிரீன் பே ரசிகன் கிரீன் பே ஆட்டங்களுக்கு மட்டும் காசு கொடுத்துக்கொள்வான். மறுக்க நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வெறும் கைகூப்பும் படம் வேண்டாம்.