கடிதம் வேறு, கடைச் சரக்கு வேறு

அமெரிக்காவுக்குச் செல்லும் இந்தியத் தபால் 2025 ஆகஸ்ட் இறுதியில் முற்றிலுமாக நின்றுபோனது. 800 டாலர் வரை மதிப்புள்ள பொருட்களுக்கு இருந்துவந்த சுங்கவரி விலக்கை ஆகஸ்ட் 29 முதல் அந்நாடு ரத்து செய்ததே காரணம். கடிதங்கள், ஆவணங்கள், 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்புகள் ஆகியவற்றுக்கு அந்த வரி இல்லை. ஆனால், வரியை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்பது தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் தபாலை ஏற்றத் தயங்கின. இந்திய அஞ்சல் துறை கடிதங்களையும் சேர்த்தே நிறுத்த வேண்டியதாயிற்று. அக்டோபர் 15 அன்றுதான் சேவை மீண்டது. உலகெங்கும் 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. அந்நாட்டுக்கான தபால் ஒரே வாரத்தில் 81% சரிந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் தெரிவித்தது.

தகராறு சரக்கைப் பற்றியது; தண்டனை கடிதத்துக்கும் கிடைத்தது. வெளிநாட்டுத் தபால் கட்டணம் ஏறிக்கொண்டே போவதன் பின்னாலும் இதே அநீதி இருக்கிறது.

1874 அக்டோபர் 9 அன்று பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்டு, உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட உடன்படிக்கை, தபாலைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே நிலப்பரப்பு என்று அறிவித்தது. இந்தியா 1876இல் இணைந்தது. தபால்தலை விற்ற நாடு பணத்தை வைத்துக்கொள்ளும். பெறும் நாடு இலவசமாகப் பட்டுவாடா செய்யும். போகும் கடிதத்துக்குப் பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. அனுப்புவதைவிட அதிகம் பெறும் நாடுகள் நஷ்டப்பட்டதால், அனுப்பும் நாடு பட்டுவாடா செலவில் பங்கு தர வேண்டும் என ஒன்றியத்தின் 1969 டோக்கியோ மாநாடு முடிவுசெய்தது.

இணைய வணிகம் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. வளரும் நாடுகளுக்கென வைத்த குறைந்த விகிதத்தில் சீனாவின் சிறு பொட்டலங்கள் அமெரிக்காவில் குவிந்தன. உள்நாட்டு வியாபாரி தன் ஊருக்குள் அனுப்ப அதைவிட அதிகம் செலவழித்தார். அமெரிக்காவின் குறை நியாயமானது. ஒன்றியத்திலிருந்து விலகுவதாக 2018இல் அது அறிவித்த பிறகு, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாடு, சிறு பொட்டலங்களுக்கான பட்டுவாடாக் கட்டணத்தை நாடுகள் தாமே நிர்ணயிக்க வழிவிட்டது. வணிகம் தன் செலவைத் தானே ஏற்பதில் தவறில்லை.

கடிதத்தின் நிலை அப்படிப்பட்டதல்ல. கடிதங்கள் குறைந்தாலும் தபால்காரர் அதே தெருக்களுக்குப் போயாக வேண்டும்; எஞ்சிய ஒவ்வொரு கடிதத்தின் மேலும் செலவு ஏறுகிறது. கட்டணம் கூடக் கூட அனுப்புவோர் மேலும் குறைகிறார்கள். டென்மார்க்கில் போஸ்ட்நார்ட் நிறுவனம் 2025 டிசம்பர் 30 உடன் கடிதப் பட்டுவாடாவையே கைவிட்டுவிட்டது. இந்தச் சுழலைச் சந்தை தானாக நிறுத்தாது.

வாட்ஸ்அப் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். கையெழுத்திட்ட அசல் பத்திரமும் சான்றிதழும் செல்பேசியில் போகாது. அச்சிட்ட புத்தகமும் போகாது. சென்னையில் அச்சாகும் கவிதைத் தொகுப்பை டொரண்டோவில் உள்ள வாசகருக்கு அனுப்பும் செலவு, புத்தகத்தின் விலையை எளிதாகத் தாண்டிவிடுகிறது. கூரியர் நிறுவனங்களின் கட்டணத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு அஞ்சலகத்தை விட்டால் வேறு வழி இல்லை.

உலக அஞ்சல் ஒன்றியம் செய்ய வேண்டியது தெளிவு. சிறு எடைக் கடிதங்களுக்கும் புத்தகங்களுக்கும் கட்டண உச்சவரம்பு வேண்டும். வரித் தகராறு எதுவானாலும் ஆவணத் தபால் தடையின்றிச் செல்லும் என்ற உறுதி வேண்டும். ஆவணம், பொருள் என்ற பிரிவு அஞ்சல் விதிகளில் ஏற்கெனவே இருப்பதால் இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அல்ல. பார்வையற்றோருக்கான தபாலுக்குக் கட்டண விலக்கு அளிக்கும் விதியும் ஒன்றியத்தின் உடன்படிக்கையில் இருக்கிறது. பொதுநலன் கருதி விலக்கு அளிப்பது அதற்குப் புதிதல்ல.

இதனால் வரும் பற்றாக்குறையை அரசுகள்தாம் ஏற்க வேண்டும். சாலைக்கும் பள்ளிக்கும் லாபக் கணக்குப் பார்க்காத அரசு, தபாலுக்கு மட்டும் பார்ப்பது முறையல்ல.

இந்தியா சொல்லிக் காட்டுவதைவிடச் செய்துகாட்டலாம். உள்நாட்டில் புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப 2025 மே 1 அன்று 'ஞான் போஸ்ட்' சேவையை அஞ்சல் துறை தொடங்கியது. அதே சலுகையை வெளிநாட்டுக்கும் நீட்டிக்க வேண்டும். ஒரே மொழியில் எழுதியும் வாசித்தும் வரும் மக்கள் இரு கரையிலும் வாழும் இலங்கையோடு ஓர் இருதரப்பு ஒப்பந்தம் செய்து, முதல் அடியை அங்கிருந்தே வைக்கலாம். அதற்கான பேச்சுவார்த்தையை மத்திய அரசு இப்போதே தொடங்க வேண்டும்.