மூக்கில் வைத்த சிலிக்கானில் சீழ் பிடித்தால்...?

2024-ம் ஆண்டில் வைத்தியத்துக்காகத் தென்கொரியா போன வெளிநாட்டினர் 11 லட்சத்துக்கும் மேல். தோல் வைத்தியத்துக்கு முதலிடம், அழகு ஆபரேஷனுக்கு அடுத்த இடம். தலைநகர் சியோலில் கங்னம் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இதற்கான கிளினிக்குகள்தான்.

அங்கே மூக்கைத் தூக்கி விடுவது ரொம்ப சகஜம். சப்பை மூக்கின் தண்டின் மேல் ஒரு சிலிக்கான் துண்டைச் செருகித் தைத்து விடுகிறார்கள்.

வம்பு பிறகுதான் வருகிறது. சிலருக்குச் சில வாரத்தில், சிலருக்குப் பல வருடம் கழித்து!

சிலிக்கான் சதையோடு ஒட்டாது. உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டி ஒதுக்கி வைக்கும். உறை சுருங்கினால் மூக்கு கோணும். 'எல்' எழுத்து மாதிரி வளைந்த துண்டு என்றால் மூக்கு நுனியை உள்ளிருந்து அழுத்திக் கொண்டே இருக்கும். தோல் மெலிந்து, சிவந்து, கடைசியில் துண்டு வெளியே எட்டிப் பார்க்கும்!

'கோர்டெக்ஸ்' என்ற பொருளில் நுண்துளைகள் உண்டு. சதை வளர்ந்து பிடித்துக் கொள்வதால் அது அவ்வளவாக நகராது. ஆனால் கிருமி புகுந்தால் பிய்த்து எடுப்பது பெரும்பாடு.

எடுத்தால்தான் தீரும்

மாத்திரை, ஊசி போதாதா? பெரும்பாலும் போதாது. கிருமிகள் செயற்கைப் பொருளின் மேல் பாசி போலப் படிந்து விடுகின்றன. மருந்து அதற்குள் சரியாக இறங்காது. சாப்பிடும்போது அடங்கும், நிறுத்தினால் மறுபடி கிளம்பும். துண்டை எடுத்துக் கழுவி விடத்தான் வேண்டும். காசு கொடுத்து வைத்த மூக்கை எடுக்க யாருக்கு மனசு வரும்? தள்ளிப் போட்டால் உள்ளே தழும்பு இறுகி மூக்கு மேலே இழுத்துக் கொள்ளும். எதிரே நிற்பவருக்கு இரண்டு துவாரமும் தெரியும்.

எடுத்த பின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்லும் டாக்டர்களே அதிகம். பிறகு விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்து மூக்கைக் கட்டுகிறார்கள். அதுவும் வளைந்து போகலாம். மார்பில் தழும்பு வேறு!

கேமரா என்ன செய்யும்?

மயக்கம் கொடுத்துச் செய்யும் ஆபரேஷனை, நோயாளி கேட்டால் கேமராவில் படம் பிடிக்க வேண்டும் என்று 2023 செப்டம்பர் முதல் கொரியாவில் சட்டம். பேசுகிற டாக்டர் ஒருவர், கத்தி பிடிப்பவர் வேறொருவர் என்ற புகார்களுக்குப் பின் வந்த சட்டம் இது. நல்லதுதான். ஆனால் ஊர் திரும்பியவருக்கு ஆறு மாதம் கழித்து மூக்கு சிவந்தால்?

உள்ளூர் டாக்டரிடம்தான் ஓட வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே என்ன வைத்தார்கள்?" ஆபரேஷன் சீட்டைக் கேட்டு வாங்காமல் வந்தவர் என்ன சொல்வார்? சிலிக்கானா, கோர்டெக்ஸா, நீளம் எவ்வளவு என்று ஸ்கேன் எடுத்துத் துழாவ வேண்டியதுதான். அந்தச் செலவும் அவர் தலையில்.