வார் கட்டியாச்சா?



டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாச்சா? துவாஸ் கப்பல் பட்டறைகளில் வேலை செய்யும் தம்பிகளிடம் இந்த மாதம் ஒரு விஷயம் பேச வேண்டும்.

நங்கூரமிட்ட கப்பலுக்குப் போகும் போட்டில் கால் வைக்குமுன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இறுக்குவது உங்களுக்குக் கைவந்த பழக்கம். மாட்டாதவரை சேஃப்டிக்காரர் ஏற்றவே மாட்டார். அதே தம்பி, ஊரில் பிள்ளைகுட்டியோடு படகு சவாரிக்குக் கிளம்பினால், "ஒரு ரவுண்டுதானே, கசகசன்னு இருக்கு" என்று ஜாக்கெட்டைச் சீட்டுக்கடியில் தள்ளிவிடுகிறார். அங்கே அதட்ட ஆளில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். இரண்டுமே விடுமுறைக் கொண்டாட்டமாய்ப் புறப்பட்ட சவாரிகள். படகு சாய்ந்த பிறகு ஜாக்கெட்டைத் தேட நேரம் கிடைக்காது. கிடைத்தாலும், தண்ணீரில் தத்தளித்துக்கொண்டே வார் கட்டுவது லேசான காரியமா?

"எனக்கு நீச்சல் தெரியும்ணே" என்பவர்களுக்கு 2007 நவம்பரை நினைவூட்டுகிறேன். நோம்பென் நகரில், டோன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர் தேசிய டிராகன் படகு அணியின் படகு கவிழ்ந்தது. இருந்த 22 பேரில் ஐவரை ஆறு கொண்டுபோனது. தண்ணீரிலேயே பயிற்சி எடுத்த விளையாட்டு வீரர்கள். ஆனால் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் ஜாக்கெட் பெரிய பாரம் எதையும் தூக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் உடம்பின் எடை பெரும்பாலும் கரைந்துவிடுவதால், தலையை மேலே நிறுத்த நாலைந்து கிலோ மிதப்பு போதும். முன்பு ஜாக்கெட்டுக்குள் இலவம்பஞ்சைத்தான் அடைத்தார்கள், நம் தலையணைக்குள் இருக்கும் அதே பஞ்சு! எண்ணெய் ஊறினால் அதன் மிதப்பு குறைந்துவிடும். இப்போது பெரும்பாலும் நுரைதான்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம். மாட்டிவிட்டபின் இரு தோள்பக்கமும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரியவர் சைஸ்; தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். தொடையிடுக்கில் கட்டும் வார் இருந்தால் அதையும் கட்டுங்கள். சின்ன சைஸ் இல்லை என்று படகுக்காரர் கையை விரித்தால், பிள்ளையைக் கரையில் பட்டம் விடச் சொல்லுங்கள். கொஞ்சம் அழும். அழட்டும்.

பிச்சாவரமோ முட்டுக்காடோ, ஏறியதும் ஒரு குடும்பப் படம் எடுத்து அனுப்புங்கள். பிப்ரவரி இதழில் போடுகிறோம். பிள்ளைகளுக்கெல்லாம் ஜாக்கெட் மாட்டிவிட்டு அப்பா மட்டும் தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படங்களுக்கு இடமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்